விட்ட இடத்தில் நிற்க வேண்டும்

எங்கள் பாடத் தளத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே அவர் ஒரு பென்சிலையும் வெள்ளைத் தாளையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். ஒரு பயிற்சித் தொடரில் 38 பாடங்கள். மூன்றாம் பாடத்துக்கும் நான்காம் பாடத்துக்கும் நடுவே புதிதாக ஒன்று நுழைய வேண்டும். திரையில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சிறிய எண் பெட்டி. பழைய 4 இனிமேல் 5, பழைய 5 இனிமேல் 6, இப்படியே 38 வரை. மொத்தம் 35 பெட்டிகள். அவர் கீழிருந்து மேலாகத் திருத்திக்கொண்டு வந்தார். முடித்த ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு. நடுவில் தொலைபேசி ஒலித்தது. பேசிவிட்டு வந்தவர் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். 17 என்ற எண் இரண்டு பாடங்களுக்கு விழுந்தது. அவற்றில் ஒன்று விளக்கம், மற்றொன்று அந்த விளக்கத்துக்கான பயிற்சி. தளத்தில் பயிற்சி முன்னாலும் விளக்கம் பின்னாலும் வந்து நின்றன.

பாடங்களைத் தொகுப்பது அவருடைய பணி. எது முன்னே வர வேண்டும், எது பின்னே வர வேண்டும் என்பதைப் பல நாள் யோசித்து முடிவு செய்பவர். அந்த எண் பெட்டிகளை அங்கே வைத்தவன் நான். வரிசைப்படுத்தும் வசதி வந்துவிட்டது என்று மின்னஞ்சலும் அனுப்பியிருந்தேன். அவர் தாளில் கோடு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த அன்றைக்குத்தான், நான் கொடுத்தது எவ்வளவு குறைவு என்று புரிந்தது. அவர் திரையில் விரலை வைத்து ஒரு வரியை மேலே இழுப்பதுபோல் காட்டினார்.

"தம்பி, இதைப் பிடித்து இங்கே கொண்டுவந்து வைக்க முடியாதா?"

"முடியும் மேடம். ஒரு வாரம் கொடுங்கள்."

ஆறு வாரம் ஆனது. திரையில் வரியை நகர்த்தும் பகுதி இரண்டே நாளில் முடிந்துவிட்டது. மீதி நாட்கள் எங்கே போயின என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

நாங்கள் பயன்படுத்துவது ஜாங்கோ. வலைத்தளங்களைக் கட்ட உதவும், பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட இந்தச் சட்டகம் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழ் அலுவலகத்தில் உருவானது. 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. செய்தித் துறையில் இருப்பவர்கள் நிரலாளரின் வருகைக்காகக் காத்திராமல் தாங்களே விவரங்களை உள்ளிடுவதற்கு ஏற்றது அதன் நிர்வாகப் பக்கம். தரவு எப்படிப்பட்டது, அதில் என்னென்ன புலங்கள் (விவரங்கள்) உண்டு என்று மாடல் என்ற நிரல் பகுதியில் எழுதிவிட்டால் பட்டியலும் தேடலும் திருத்தும் படிவமும் தாமாகவே வந்து நிற்கும். எந்தப் புலத்தை வைத்து வரிசைப்படுத்த வேண்டும் என்பதையும் மாடலிலேயே சொல்லிவிடலாம். பட்டியலில் இருந்தபடியே புலங்களைத் திருத்தும் வசதி 2009இல் 1.1 பதிப்பில் வந்தது. என் எண் பெட்டிகள் அந்த வசதியின் பிள்ளைகள்தாம்.

வரியைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடும் வசதி மட்டும் ஜாங்கோவோடு கூடவே வருவதில்லை. ட்ரூபல் என்ற தள மேலாண்மை மென்பொருள் 2008இலேயே, அதன் 6ஆம் பதிப்பில் இதைக் கொடுத்துவிட்டது. அதே வகையைச் சேர்ந்த வேர்ட்பிரஸ் 2010இல் 3.0 பதிப்பில் மெனுக்களுக்குக் கொடுத்தது. ஜாங்கோவுக்கும் தனித் தொகுப்புகள் இருக்கின்றன. ஜாங்கோ அட்மின் சார்ட்டபிள்2 அவற்றில் நன்கு அறியப்பட்டது. பெரும்பாலானோருக்கு அதுவே போதும், அதையே பரிந்துரைக்கிறேன். எங்களுக்கோ ஒவ்வொரு நகர்வும் யார் செய்தது என்ற குறிப்புடன் வரலாற்றில் பதிய வேண்டியிருந்தது, விசைப்பலகை வழியாகவும் நகர்த்த வேண்டியிருந்தது. ஆகவே சொந்தமாக எழுதத் துணிந்தேன்.

முதல் இடறல், எண் பெட்டிகளை வைத்த காலத்திலேயே, மாடலில் வந்தது. வரிசை என்ற எண் புலத்தைச் சேர்த்து அதற்கு இயல்பு மதிப்பாக 0 கொடுத்தேன். அந்த மாற்றத்தைத் தரவுத்தளத்தில் செய்யும் மைக்ரேஷன் ஓடியதும் இருந்த பாடங்கள் அத்தனைக்கும் 0 விழுந்தது. எல்லாம் சமம் என்றால் எது முதலில்? ஜாங்கோவின் நிர்வாகப் பட்டியல், வரிசை குழம்பாமல் இருக்க, பதிவின் அடையாள எண்ணாகிய முதன்மைச் சாவியை இறங்குமுகமாகத் தானே கடைசியில் சேர்த்துக்கொள்ளும். அதனால் நிர்வாகப் பக்கத்தில் கடைசியாகச் சேர்த்த பாடம் முதலில் வந்து, மொத்தப் பட்டியலும் தலைகீழாகத் தெரிந்தது. பொதுத் தளத்திலோ அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. சம எண்களைத் தரவுத்தளம் எந்த வரிசையிலும் கொடுக்கலாம். இரண்டு பக்கங்களும் இரண்டு வரிசையைக் காட்டின. ஒவ்வொரு தொடருக்குள்ளும் அதுவரை தளத்தில் காட்டப்பட்டுவந்த வரிசைப்படியே 1 முதல் எண்ணிட்டுக் கொடுக்கும் இன்னொரு மைக்ரேஷனை எழுதிய பிறகுதான் இரண்டும் ஒத்துப்போயின. வரிசைப் புலத்தைச் சேர்க்கும் அதே நாளில் இதையும் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பழைய வரிசை என்னவென்று கேட்கக்கூட ஆளிருக்காது.

அடுத்து திரை. முழு வரியையும் பிடிக்கும்படி வைக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். வரியில் தேர்வுப் பெட்டி இருக்கிறது, தலைப்பில் இணைப்பு இருக்கிறது, தொடுதிரையில் பக்கத்தை மேலே தள்ளுபவரின் விரலும் அதே வரியில்தான் படுகிறது. ஆகவே முதல் நெடுவரிசையில் ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு சிறிய பிடி. அதைப் பிடித்தால் மட்டுமே வரி அசையும்.

உலாவியிலேயே இழுத்து விடும் வசதி உண்டு. மைக்ரோசாஃப்ட் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் கொண்டுவந்த அமைப்பு பிற்பாடு எச்டிஎம்எல்5 தரத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் ஒரு விந்தை: ஒரு பொருளின் மேல் இன்னொன்றைக் கொண்டுவரும்போது "இங்கே விடக்கூடாது" என்பதே உலாவியின் இயல்பான பதில். அந்த இயல்பை நாம் தடுத்தால்தான் விட முடியும். தொடுதிரைகளில் அதன் நடத்தையை நம்பி இறங்கவும் மனம் வரவில்லை. சுட்டி, விரல், பேனா மூன்றையும் ஒரே மாதிரி நடத்தும் பாயின்டர் நிகழ்வுகளைக் கொண்டு எழுதினேன். பிடியின் மேல் விரல் பட்டால் பக்கம் உருளக் கூடாது என்று, தோற்றத்தைக் கட்டுப்படுத்தும் சிஎஸ்எஸ் நிரலில் ஒரு வரி. அது இல்லாவிட்டால் பாடம் நகர்வதற்குப் பதில் பக்கம் நகரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்டவணையின் வரியைப் பிடித்துத் தூக்கியதும் அது சுருங்கிப்போகும். அட்டவணைக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு கட்டத்தின் அகலமும் மற்ற வரிகளைப் பார்த்து முடிவாகிறது. வெளியே எடுத்தவுடன் அந்தத் துணை போய்விடுகிறது. தலைப்பும் தேதியும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, தூக்கிய பாடம் எது என்றே அடையாளம் தெரியாமல் ஆகிவிடும். தூக்குவதற்குச் சற்று முன்பாக ஒவ்வொரு கட்டத்தின் அகலத்தையும் அளந்து அப்படியே உறையவைத்துவிட்டால் சரியாகிவிடும். நான்கு வரி நிரல்தான். ஆனாலும் கையில் இருப்பது தன்னுடைய பாடம்தான் என்று இழுப்பவருக்குத் தெரிவது அந்த நான்கு வரிகளால்தான்.

இனி, ஆறு வாரங்களில் நான்கைத் தின்ற கேள்வி: விரலை எடுத்ததும் சர்வருக்கு என்ன அனுப்புவது?

முதல் பதிப்பில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். திரையில் தெரியும் பாடங்களின் அடையாள எண்களை மேலிருந்து கீழாக அப்படியே அனுப்பினேன். சர்வர் அவற்றுக்கு 1, 2, 3 என்று எண் போட்டது. 39 பாடங்களும் கண்ணெதிரே இருந்தவரை அது பிசகவில்லை. ஒரு நாள் அவர் வரைவு நிலையில் இருக்கும் பாடங்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தார். நான்கு வந்தன. தொடரில் அவற்றின் இடங்கள் 7, 12, 20, 31. கடைசியில் இருந்ததை அந்த நான்கில் முதலாவதாக இழுத்து வைத்தார். சர்வர் சொன்னதைச் செய்தது: நான்குக்கும் 1, 2, 3, 4 என்று எண் கொடுத்தது. ஏற்கெனவே அந்த எண்களில் இருந்த நான்கு பாடங்களும் அப்படியே இருந்தன. தொடரின் தொடக்கமே இரட்டை இரட்டையாகக் குழம்பியது. பிழை முழுக்க என்னுடையது. அவர் மறுபடி பென்சிலை எடுத்தார். அந்தக் காட்சி இன்னும் என்னை உறுத்துகிறது.

அன்று மாலை அவரிடமே கேட்டேன்.

"மேடம், அந்தப் பாடத்தை மேலே இழுத்தபோது மனதில் என்ன நினைத்தீர்கள்? முதல் இடத்துக்கா?"

"முதல் இடம் எதற்கு? ஏழாவதாக இருந்த பாடத்துக்கு முன்னால் இது வர வேண்டும், அவ்வளவுதான் தம்பி."

நான் எழுதியிருந்த நிரல் முழுவதும் தவறான கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது. அவர் எண்ணைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. "இதற்கு முன்னால் இது" என்பது ஒன்றுதான் அவர் எடுத்த முடிவு. எண்கள் என் வசதிக்காக நான் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டவை. அவற்றைத் திரையிலிருந்து சேகரித்து அனுப்பியதால், அவர் எடுக்காத 38 முடிவுகளையும் அவர் பெயரில் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து உலாவி அனுப்புவது இரண்டே தகவல்கள்: நகர்ந்த பாடம் எது, அது எந்தப் பாடத்துக்கு அடுத்து வர வேண்டும். மேலே எதுவும் இல்லையென்றால் எந்தப் பாடத்துக்கு முன்னால் என்பது. மற்ற கணக்கை முழுத் தொடரையும் அறிந்த சர்வர் பார்த்துக்கொள்ளும். இந்த மாற்றத்தால் நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. திரை சற்றுப் பழையதாக இருந்தாலும், நடுவில் வேறொருவர் மூன்று பாடங்களைச் சேர்த்திருந்தாலும், "இதற்கு அடுத்து இது" என்ற கட்டளையின் பொருள் கெடுவதில்லை. அடையாளம் காட்டிய பாடமே நீக்கப்பட்டிருந்தால் மட்டும் சர்வர் முரண்பாட்டைக் குறிக்கும் 409 என்ற குறியீட்டுடன் மறுத்துவிடும். வரி பழைய இடத்துக்குத் திரும்பும். பக்கத்தைப் புதுப்பிக்கும்படி ஒரு செய்தி வரும்.

இருந்தும் வடிகட்டிய பட்டியலில் ஒரு மயக்கம் மிச்சம் இருக்கிறது. 12க்கும் 20க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஏழு பாடங்கள் இருக்கும்போது, "12க்கு அடுத்து" என்பதும் "20க்கு முன்" என்பதும் வேறு வேறு இடங்கள். இழுப்பவர் எதை நினைத்தார் என்று நிரலால் ஊகிக்க முடியாது, ஊகிக்கவும் கூடாது. தொடரின் பெயரால் வடிகட்டியிருந்தால் மட்டும் பிடி தெரியும். வரிசை தொடருக்குள் அமைவதால் அங்கே எதுவும் மறைந்திருக்காது. தேடல் நடந்துகொண்டிருந்தாலோ, வேறு வடிகட்டி இருந்தாலோ, தேதி நெடுவரிசையைச் சொடுக்கி வேறு விதமாக அடுக்கியிருந்தாலோ பிடி மறைந்துவிடும். எதற்காக மறைந்தது என்று பட்டியலின் மேல் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். காரணம் சொல்லாமல் மறையும் வசதியைப் பழுதடைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சர்வர் பக்கம் வந்தால், நிர்வாக வகுப்பின் முகவரிப் பட்டியலில் நகர்த்துவதற்கென ஒரு முகவரியைச் சேர்க்க வேண்டும். அதை ஜாங்கோவின் சொந்த முகவரிகளுக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால், எதையும் பாடத்தின் அடையாள எண்ணாக எடுத்துக்கொள்ளும் பொது முகவரி ஒன்று நம்முடையதை விழுங்கிவிடும். இங்கே பாதுகாப்பு சார்ந்த ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிர்வாகப் பக்கத்துக்கான பொதுப் பாதுகாப்பு உறையில் நம் செயல்பாட்டைச் சுற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது எளிது. அந்த உறை பார்ப்பது உள்நுழைந்தவர் பணியாளர்தானா என்பதை மட்டுமே. பாடங்களைத் திருத்தும் அனுமதி அவருக்கு இருக்கிறதா என்பதை நாம்தான் கேட்க வேண்டும். ஜாங்கோ 2.1 பதிப்பு முதல் பார்வைக்கு மட்டும் என்ற அனுமதியும் உண்டு. இந்தச் சோதனையை விட்டுவிட்டால், பார்க்க மட்டுமே அனுமதி பெற்றவரும் தொடரையே கலைத்துப் போட முடியும். பிடியை அவர் கண்ணிலிருந்து மறைப்பது காவல் ஆகாது.

எண்களை மாற்றும் கணக்கு சின்னதுதான். 31ஆவது பாடம் 4ஆவது இடத்துக்கு வருகிறது என்றால், 4 முதல் 30 வரை இருக்கும் 27 பாடங்களும் ஒவ்வோர் இடம் இறங்க வேண்டும். எண்களைப் பைத்தானுக்குக் கொண்டுவந்து கூட்டாமல், தரவுத்தளத்துக்குள்ளேயே கூட்டச் சொல்லும் ஒரே கட்டளை; பிறகு நகர்ந்த பாடத்துக்கு 4 கொடுக்கும் இன்னொன்று.

ஒரே தொடரில் ஓர் எண் இருமுறை வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் போட்டிருந்தேன். 17 இரண்டு முறை விழுந்த கதை நினைவில் இருந்தது. அந்தக் கட்டுப்பாடு என் சொந்த நிரலையே தடுத்தது. தரவுத்தளம் ஒவ்வொரு வரியாக மாற்றும்போதே சோதிக்கிறது; 4 என்பது 5 ஆகும் அந்தக் கணத்தில் பழைய 5 இன்னும் எழுந்திருக்கவில்லை. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் இந்தச் சோதனையை டிரான்சாக்ஷனின் (பல மாற்றங்களை ஒரே செயலாக முடிக்கும் தொகுதியின்) முடிவுவரை ஒத்திவைக்கலாம். 2020இல் வந்த ஜாங்கோ 3.1 முதல் அதை மாடலிலேயே எழுத முடிகிறது. எஸ்கியூலைட்டிலும் மைஎஸ்கியூஎல்லிலும் இப்படி ஒத்திவைக்க வழியில்லை.

எண்களுக்கிடையே இடம் விட்டு 1000, 2000 என்று வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பின்ன எண்ணில் வைத்து, நடுவில் நுழைப்பதற்கு இரண்டின் சராசரியைப் போடுபவர்களும் உண்டு. அழகான யோசனைதான். ஆனால் 1க்கும் 2க்கும் நடுவே எப்போதும் 1க்கு அடுத்தே நுழைத்துக்கொண்டிருந்தால், கணினி பின்னங்களை வைக்கும் 64 பிட் மிதவைப் புள்ளி எண் 52 முறைதான் தாங்கும். அதற்குப் பிறகு சராசரி 1க்கே சமமாகிவிடும். பலர் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பொருள்களை நகர்த்தும் இடங்களில் எழுத்துக் கோவைகளை வைத்து இதைத் தீர்க்கிறார்கள். 39 பாடங்களுக்கு அந்த ஏற்பாடு எதற்கு? முழு எண்ணும் இரண்டு கட்டளைகளும் போதும். பழுது வந்தால் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளவும் முடியும்.

இரண்டு பேர் ஒரே நொடியில் இழுத்தால்? டிரான்சாக்ஷனுக்குள் பாடங்களை ஒவ்வொன்றாகப் பூட்டாமல் அவற்றின் தாய் பதிவாகிய தொடரைப் பூட்டுகிறேன். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் ஒரு கணம் காத்திருப்பார், அவ்வளவே.

பிறகு ஒரு நாள் காலை அவர் வந்து நின்றார். "தம்பி, நான் மாற்றியது எனக்குத் தெரிகிறது, படிப்பவர்களுக்குத் தெரியவில்லை." சோதித்தேன். அவர் சொன்னது உண்மை. பாடத்தைச் சேமிக்கும்போதெல்லாம் பொதுத் தளத்தின் தற்காலிகச் சேமிப்பை (வேகத்துக்காக எடுத்து வைக்கும் நகலை) துடைக்க ஒரு சிக்னல், அதாவது தானாகக் கிளம்பும் அறிவிப்பு, வைத்திருந்தோம். பல பாடங்களை ஒரே கட்டளையில் தரவுத்தளத்தில் நேரடியாக மாற்றினால் அந்த சிக்னல் கிளம்புவதே இல்லை. ஜாங்கோ ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், படித்தும் இருந்தேன். டிரான்சாக்ஷன் உறுதியானதும் சேமிப்பைத் துடைக்கும்படி மாற்றினேன். வரலாற்றுப் பதிவும் அதே காரணத்தால் தானாக விழாது என்பதால், "31ஆம் இடத்திலிருந்து 4ஆம் இடத்துக்கு" என்று கைப்பட எழுதும் வரியையும் சேர்த்தேன்.

இழுக்க முடியாதவர்களுக்கு என்ன வழி என்பது கடைசியில் யோசிக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. 2023 அக்டோபரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற, வலைத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதல்கள், இழுப்பதே இன்றியமையாதது என்ற நிலை போன்ற விலக்குகள் தவிர, இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்ய ஒரு வழி இருக்க வேண்டும் என்கின்றன. ட்ரூபலின் 7ஆம் பதிப்பு பட்டியலுக்கு மேல் ஓர் இணைப்பை வைத்து, இழுக்கும் பிடிகளுக்குப் பதில் எண்களைக் காட்டும் வழியைத் தந்தது. நான் ஒவ்வொரு வரியிலும் மேல், கீழ் என்று இரண்டு பொத்தான்களையும் எந்த இடத்துக்கு என்று எழுதும் ஒரு பெட்டியையும் வைத்தேன். பொத்தானை அழுத்தி வரி நகர்ந்ததும் குவியம் (விசைப்பலகை எந்தப் பொத்தானில் நிற்கிறது என்ற குறி) தொலைந்துபோகும். அதை அதே பொத்தானுக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தடுத்து அழுத்தி ஐந்து இடம் மேலே போக முடியும். நகர்ந்த இடத்தைத் திரைவாசிப்பான் "4ஆம் இடம், மொத்தம் 39" என்று படித்துச் சொல்லும். சர்வர் சம்மதிக்கும்வரை அதுவும் பேசாது, நகர்ந்த வரிக்குத் தற்காலிகமாக நான் கொடுத்த மஞ்சள் நிறமும் மாறாது.

இப்போது அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று சில நாட்கள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு மூன்று இடம் தள்ளிப் போக வேண்டியதை இழுக்கிறார். 31லிருந்து 4க்குப் போக வேண்டியதற்கு அந்தப் பெட்டியில் 4 என்று ஒரே ஓர் எண்ணை எழுதுகிறார். நீண்ட தூரம் இழுத்துக்கொண்டே போனால் கை வலிக்கிறது என்றார். விசைப்பலகைக்காரர்களுக்கு என்று நினைத்து நான் வைத்த பெட்டி அவருக்கு அன்றாடக் கருவியாகிவிட்டது.

சென்ற வாரம் புதிதாக ஒன்று கேட்டார்: ஒரு பாடத்தை இந்தத் தொடரிலிருந்து பிடித்து அடுத்த தொடரில் விட வேண்டும். இரண்டு தொடர்களையும் பூட்ட வேண்டும். இருவர் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் ஒருவரை ஒருவர் தடுத்துக்கொண்டு நின்றுவிடாமல் இருக்க, எப்போதும் சிறிய அடையாள எண் உள்ள தொடரை முதலில் பூட்ட வேண்டும். பழைய தொடரில் விட்டுப்போன இடத்தை மூட வேண்டும், புதிய தொடரில் இடம் திறக்க வேண்டும், இரண்டின் சேமிப்பையும் துடைக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். மூன்று வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.